ஜன்னலுக்கு வெளியே ஒரு காது

"மனுஷ இதயத்துக்கு நாப்பது அறையா சார்?"

தொலைபேசியில் பதிப்பக மேலாளர் கொதித்தார். கமா சார் நாற்காலியின் நுனிக்கு வந்தார். பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்துவது அவர் தொழில். வீட்டு முன்னறைதான் அலுவலகம். கடை போர்டைக்கூடத் திருத்தாமல் தாண்டமாட்டார் என்பதால் தெரு வைத்த பெயர் அது.

"நாலுதான் சார்... அந்த நேரம் பார்த்து வெளியே ஒருத்தன் 'நாப்பது வயசாச்சு, நாப்பது வயசாச்சு'ன்னு கத்தினான்..."

"கத்தினா எழுதிடுவீங்களா? இன்னொரு தப்பு வரட்டும், நான் வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

கத்தியவனைச் சொல்லிக் குற்றமில்லை. எல்லாம் அந்தக் காதால் வந்தது.

நகரம் முழுக்கக் கலைப் போட்டி. அறுபது இடங்களில் அறுபது சிற்பங்கள். எது சிறந்தது என்று மக்களே ஓட்டுப் போடவேண்டும். அதில் பன்னிரண்டடி உயரத் தகரக் காது ஒன்று கமா சார் வீட்டு ஜன்னலை ஒட்டிய நடைபாதையில் வந்து நின்றது. பெயர் 'ஊர் கேட்கிறது'. தெருப்பக்கத்து ஓட்டையில் வாய்வைத்து யார் வேண்டுமானாலும் மனத்திலிருப்பதைக் கொட்டலாம். கொட்டியதெல்லாம் ஒரு குழாய்வழியாக மறுபக்கம் வரும். அந்த மறுபக்கம், கமா சார் ஜன்னலிலிருந்து கை நீட்டினால் எட்டும் தூரத்தில் இருந்தது.

காலை ஒன்பதுக்கே வரிசை கட்டினார்கள். ஒருவருக்கு முட்டிவலி. ஒருவருக்கு மருமகள். ஒரு பெண்மணி தன் நாத்தனார் செய்த அநியாயங்களை வருடவாரியாக ஒப்பித்தார்.

"ஜன்னலைச் சாத்திட்டு வேலையைப் பாருங்களேன்," என்றாள் மனைவி. அவள் கையில் போட்டி வரைபடம். முப்பத்திரண்டு சிற்பங்களைப் பார்த்து முடித்திருந்தாள். "நானும் அக்காவும் பாலத்துக்கடியில இருக்கற திமிங்கலத்தைப் பார்க்கப் போறோம். நீங்களும் வாங்க. கொஞ்சமாவது ரசிக்கக் கத்துக்குங்க."

"கலை என் ஜன்னல்லயே குடிவந்திருக்கு. இது போதும், நீ கிளம்பு."

ஜன்னலைச் சாத்தினார். கண்ணாடி அதிர்ந்து, முட்டிவலி இரண்டு மடங்காகக் கேட்டது. பழைய தலையணை ஒன்றைக் குழாயில் திணித்தார்.

"காது அடைச்சிருக்குப்பா, சத்தமாப் பேசுங்க!" என்று வரிசையில் எவரோ அறிவித்தார். அதற்குப் பிறகு எல்லோரும் அடித்தொண்டையிலிருந்து பேசினார்கள்.

மூன்றாம் நாள் ஒருவர், "நான் வேலையை விட்டுடலாமா, வேணாமா?" என்று பதினோராவது தடவையாகக் கேட்டார். கமா சார் தலையணையைப் பிடுங்கி எறிந்தார்.

"யோவ், போய்ப் பொழப்பைப் பாருய்யா!"

வெளியே கைதட்டல் கேட்டது.

"காது பதில் சொல்லுதுப்பா! என் மனசுல இருந்ததை அப்படியே சொல்லிடுச்சு!"

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாயிற்று. மறுநாள் வரிசை தபால் நிலையத்தைத் தாண்டி நீண்டது. கமா சார் திட்டினால் சிரித்தார்கள். வாயை மூடிக்கொண்டு இருந்தால், "யோசிக்குது, அவசரப்படுத்தாதீங்க," என்று பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

எதிர்வீட்டுப் பல் டாக்டர் வாசலுக்கே வந்து கைகுலுக்கினார். "உங்க காதுதான் சார் இப்ப முதலிடம்! ஜெயிச்சா இங்கயே நிரந்தரமாம். எல்லாரும் பேசிக்கறாங்க."

காது நிரந்தரமானால் வேலை போவதும் நிரந்தரம்.

இரண்டாம் இடத்தில் இருந்தது பேருந்து நிலையத்துப் பித்தளைக் குடை. அன்று மாலையே கமா சார் பேனாவை மூடிவைத்துவிட்டு அந்தக் குடைக்கு ஓட்டுக் கேட்கக் கிளம்பினார். முடிவெட்டுபவர், மச்சினன், மச்சினனின் அலுவலகம், ஒருவரையும் விடவில்லை. பல் டாக்டரின் நாற்காலியில் வாய் திறந்து கிடந்தவர்களிடமும் கேட்டார். அவர்களால் மறுத்துப் பேச முடியவில்லை.

"குடையைப் பார்க்காமலே எப்படிங்க இவ்வளவு புகழறீங்க?" என்றாள் மனைவி.

"பார்த்துட்டா பொய் சொல்ல வராது. உன் ஓட்டையும் அதுக்கே போடு."

"எனக்குக் காதுதான் பிடிச்சிருக்கு. மிச்சம் இருக்கறதை எல்லாம் என்கூட வந்து பாருங்க, அப்புறம் யோசிக்கிறேன்."

போனார். குதிகால் வீங்க, இருபத்தேழு சிற்பங்களையும் பார்த்தார். பத்து இடத்தில் "ஆஹா" என்றார். அதில் இரண்டு உண்மை. மனைவியுடையதைச் சேர்த்து மொத்தம் ஐம்பத்தொரு ஓட்டு தேறியது.

ஞாயிற்றுக்கிழமை முடிவு வந்தது. குடை முதலிடம், காது இரண்டாமிடம். கமா சார் செய்தித்தாளை இரண்டு முறை படித்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அதில் இருந்த எழுத்துப் பிழை அவர் கண்ணில் படவில்லை.

திங்கட்கிழமை காலையில் லாரி வந்தது. தானே ஓடிப்போய்ப் பூந்தொட்டிகளை நகர்த்தி வழிவிட்டார். மேஸ்திரிக்கு டீ கொடுத்தார், தன் நாற்காலியையும் கொடுத்தார்.

"மெதுவாத் தூக்குங்க, பாவம்," என்றார் பெருந்தன்மையாக. "நல்ல வேலைப்பாடுதான். என்ன செய்யறது, தோத்துப்போச்சு."

லாரியிலிருந்து ஆட்கள் சிமெண்ட் மூட்டைகளை இறக்கினார்கள்.

"ஏங்க, தூக்கிட்டுப் போறதுக்கு எதுக்குச் சிமெண்ட்?"

மேஸ்திரி டீயின் கடைசி வாயை உறிஞ்சினார். "தூக்கறதா? ஜெயிச்சதைத்தான் சார் மியூசியத்துக்குத் தூக்குவாங்க, மத்ததெல்லாம் நின்ன இடத்துலயே நிரந்தரம். பாவம், இந்தக் காது எட்டே எட்டு ஓட்டுல கோட்டை விட்டுருச்சு!"