கங்கையம்மன் காசுமாலையை அடகு வைத்தது யார்?

பென்னலூர்,
25.7.91

அன்புள்ள மாப்பிள்ளை சுபாஷ் அவர்களுக்கு, மைத்துனன் முனிரத்தினம் எழுதிக்கொள்வது. இங்கே நான், கனகம், எருமை இரண்டு, எல்லாரும் நலம். அங்கே தாங்களும் தங்கை ரஞ்சனியும் தில்லி வெயிலைத் தாங்கிக்கொண்டு நலமாயிருக்க வேண்டுகிறேன்.

தாங்கள் நிதி இலாகாவிலேயே உத்தியோகம் பார்ப்பதால் ஒரு யோசனை கேட்டு எழுதுகிறேன். நாட்டுத் தங்கத்தை வெளிநாட்டில் அடகு வைத்த சேதியைப் பேப்பரில் படித்தோம். இந்த ஆட்சி போன ஆட்சியைச் சொல்கிறது, போன ஆட்சி அதற்கு முந்தினதைச் சொல்கிறது. அங்கே இதை என்ன முறைப்படி செய்கிறீர்கள் என்று விவரமாக எழுதினால் உதவியாக இருக்கும். ஏனென்றால் எங்கள் கங்கையம்மன் காசுமாலையும் அடகில் இருக்கிறது, இந்த வருஷ விழாக்குழுத் தலைவர் நான்.

ஆடி முதல் வெள்ளியன்று அம்மன் நகைப் பெட்டியை ஊர் முன்னால் திறந்து, பழைய குழு புதுக் குழுவிடம் ஒப்படைப்பது இங்கே வழக்கம். முந்தின வருஷம் ஒப்படைக்க வேண்டிய தலைவர் உயிரோடு இல்லை என்று திறக்கவில்லை, போன வருஷம் சாவி தொலைந்துவிட்டது என்று திறக்கவில்லை. இந்த வருஷம் பூட்டை உடைத்தே திறந்தோம். உள்ளே மாலை இல்லை. நாலாக மடித்த அடகுச் சீட்டு ஒன்று இருந்தது, அதிலும் பேரும் தேதியும் ஈரத்தில் அழிந்துவிட்டன. போன வருஷத் தலைவர் கோதண்டம், நான் வட்டி மட்டும்தான் கட்டினேன், கடன் பழசு என்றார். அதற்கு முந்திய தலைவர் ராஜாமணி, நான் சீரியல் லைட்டும் நாடகமும் வைத்ததோடு சரி, கடன் அதைவிடப் பழசு என்றார். இப்படியே பின்னால் போய்க்கொண்டிருந்து கடைசியில் பழைய தலைவர் மண்ணாங்கட்டியிடம் வந்து நின்றது. அவர் செத்து மூன்று வருஷம் ஆகிறது, எதிர்த்துப் பேச மாட்டார். மூன்று குழுவும் முதல்முறையாக ஒற்றுமையாகக் கைதட்டியது. நானும் தட்டினேன்.

அப்போதுதான் மண்ணாங்கட்டியின் சம்சாரம் சுந்தராம்பாள் எழுந்தார். "எங்க வூட்டுக்காரு கடன் வாங்குனாரு, இல்லன்னு சொல்லல. கோயிலாண்ட கெணறு வெட்னாரு, கடனையும் அடைச்சிட்டுத்தான் போய்ச் சேந்தாரு. அந்தத் தண்ணியத்தான் அல்லாரும் குடிச்சிகினு கீறீங்க. நீங்க வாங்குன கடனுக்கு இன்னா கீது? காட்டுங்க, பாக்கலாம்."

"லைட்டு போட்டாதானேம்மா ஊருக்குக் கவுரதி" என்றார் ராஜாமணி.

"பத்து நாளு எரிஞ்சுது" என்றார் அந்த அம்மாள்.

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். தலைவர் என்று ஒருவன் இருந்தால் தீர்ப்புச் சொல்லத்தானே வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை கூழ் ஊற்றுவதற்குள் மண்ணாங்கட்டி குடும்பம் மாலையை மீட்டுத் தர வேண்டும், இல்லாவிட்டால் அவர்களுக்குக் கூழ் கிடையாது என்று சொல்லிவிட்டேன். இங்கே கூழ் இல்லை என்றால் ஊரே இல்லை என்று அர்த்தம். அந்த அம்மாள் தனக்கிருக்கிற அரைக் காணி நிலத்தை இருங்காட்டுக்கோட்டை ஆளிடம் விலை பேசிவிட்டாராம். அன்றிலிருந்து கனகம் என்னிடம் பேசுவதில்லை, எருமையைத் திட்டுகிற சாக்கில் என்னைத் திட்டுகிறாள்.

ஆகையால் தாங்கள் தெரிவிக்க வேண்டியது: செத்தவர் மேல் போட்ட பழி எத்தனை வருஷம் செல்லும்? அவர் வீட்டார் எழுந்து கேள்வி கேட்டால் அதை எந்த இலாகாவுக்கு அனுப்புவது?

தங்களுக்கு உத்தியோக உயர்வும் ரஞ்சனிக்கு மனநிறைவும், கழுத்து வெறுமையாக இருந்தாலும் கங்கையம்மன் தரட்டும்.

இப்படிக்கு,
முனிரத்தினம்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால் ஸ்ரீபெரும்புதூர் சேட்டுக் கடைக்குப் போய் வந்தேன். நோட்டில் தேதி தெளிவாக இருக்கிறது, 89 ஆகஸ்ட். மண்ணாங்கட்டி செத்து ஒரு வருஷம் கழித்து. பணம் வாங்கியது ராஜாமணி, சாட்சிக் கையெழுத்து அன்றைய பொருளாளர் முனிரத்தினம். மறந்துவிட்டது என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். மறக்கவில்லை மாப்பிள்ளை. பெட்டியைத் திறந்தபோதே எனக்குத் தெரியும். மேலே எழுதியதற்குப் பதில் போட வேண்டாம். வரும் வழியிலேயே சுந்தராம்பாள் வீட்டில் இறங்கி, நிலத்தை விற்காதீர்கள், மாலையை வைத்தது நாங்கள்தான் என்று சொல்லிவிட்டேன். அந்த அம்மாள், "என்னாண்ட சொல்லிட்டே. அவரு பேரை எங்க வச்சி சொன்னே?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை ஊர் முன்னால் சொல்கிறேன் என்றேன்.

"வந்து கேக்கறேன்" என்றார்.