ஆதாரத்தாரின் கைப்பேசி

ஆதாரத்தார் என்றொரு இனம் இப்போது பெருகிக் கிடக்கிறது. உங்கள் தெருவில் ஒருவராவது இருப்பார், அலுவலகத்தில் இரண்டு பேர், சொந்தக்காரர்களில் கணக்கே இல்லை. அடையாளம் காண்பது சுலபம். நீங்கள் பேச வாயைத் திறந்ததும் அவர் கை சட்டைப் பைக்குள் போகும். கைப்பேசி வெளியே வந்து, பேச்சைப் பதிவு செய்தபடி மேசைமேல் மல்லாந்து படுக்கும். "ஒண்ணுமில்ல, நீங்க பேசுங்க" என்பார். அதற்குப் பிறகு உங்களுக்குப் பேச்சு வருமா?

நம்முடைய ஆதாரத்தார் ஒரு கம்பெனியில் கொள்முதல் அதிகாரி. கைப்பேசியில் இருப்பதும் நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும் என்று எங்கேயோ ஒரு வரி படித்தார். அன்றோடு வீடு வீடாக இல்லை. "வரும்போது பால் வாங்கிட்டு வாங்க" என்று மனைவி சொன்னால், "வாய்ப்பேச்சு செல்லாது, மெசேஜா போடு" என்பார், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாருக்காவது பிறந்தநாள் என்றால், "எனது சட்ட உரிமைகளுக்குப் பாதகமின்றி, இனிய வாழ்த்துகள்" என்று போடுவார், யாரோ ஒரு சித்தி ஆத்திரத்தில் எதையோ எழுதிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு அழித்தால், அவள் பெருமூச்சு விட்டு முடிப்பதற்குள் இவரிடமிருந்து பதில் வந்து நிற்கும்: "அழிச்சிட்டீங்களா? பரவாயில்ல. ஸ்கிரீன்ஷாட் இருக்கு."

இவ்வளவு உஷாரான மனிதர், புதுச் செயலி ஒன்றை இறக்கும்போது அதன் நிபந்தனைகளைப் படிப்பாரா? மூச்! 'படித்தேன், ஒப்புக்கொள்கிறேன்' என்பதில் ஒரே தட்டு. சேர்த்து வைத்த பதிவுகளையாவது போட்டுக் கேட்பாரா? அதுவும் கிடையாது. சேர்க்கிறவருக்குக் கேட்க நேரம் ஏது?

இப்படி இருக்கையில், அவர் வீட்டுக் கூடத்தின் கூரையில் ஈரம் கசிய ஆரம்பித்தது. மேல்வீட்டில் இருப்பவர் வேறு யாருமல்ல, மனைவியின் அண்ணன். மனைவிக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருப்பது அந்த ஒரு அண்ணன்தான். அவரோ சாது. ஆதாரத்தார் மாடியேறிப் போய், "உங்க பாத்ரூம் தண்ணிதான் ஒழுகுது மச்சான்" என்று அதட்டியபோது, "அப்படியா மாப்ள? என் தப்பா இருந்தா நானே சரி பண்ணித் தரேன்" என்றார்.

போதாதா? வாக்குமூலம் சட்டைப் பையில் விழுந்துவிட்டது!

"எனக்கு இருக்கறது ஒரே அண்ணன். கோர்ட்டு கேஸுன்னு போனா அப்புறம் எந்த முகத்தை வச்சிக்கிட்டு நான் மேல போவேன்?" என்று மனைவி அழுதாள். பார்க்கவே பாவமாக இருந்தது. ஆதாரத்தாருக்கு மட்டும் இல்லை. "உறவு வேற, உரிமை வேற" என்று சொல்லி, அவளையே சாட்சியாக இழுத்துக்கொண்டு வக்கீலம்மாவிடம் போனார்.

வக்கீலம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "அவர் ஒத்துக்கிட்ட இடத்தை மட்டும் வெட்டிக் கொடுக்கட்டுமா மேடம்?" என்றார் ஆதாரத்தார்.

"ஐயோ, வெட்டினா செல்லாது சார். ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும், போனோட கொடுக்கணும். மாத்தவே இல்லைன்னு நீங்க எழுதிக் கொடுக்கணும். எங்க, முதல்லேர்ந்து போடுங்க."

ஆதாரத்தார் பெருமையாகப் போட்டார். ஆனால் அவர் பதிவுப் பொத்தானை அழுத்தியது மச்சான் வீட்டு வாசலில் அல்ல; முன்ஜாக்கிரதையாகத் தம் வீட்டு வாசலிலேயே. படியேறும்போது பேசப்போவதை ஒத்திகை பார்ப்பது வேறு அவர் பழக்கம். செருப்புச் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் கணீரென்று வந்தது.

"தொங்கு விளக்கு மாட்ட நாம துளை போட்டதைப் பத்தி மூச்சு விடக்கூடாது. அப்பவே குழாய்ல பட்டிருக்கு, அதான் கசியுது. பாத்ரூம் பாத்ரூம்னே பேசணும். மச்சான் அப்பாவி, நம்பிடுவான்."

வக்கீலம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். ஊரார் குரலையெல்லாம் பிடிக்கக் கிளம்பிய கருவிக்கு, மிக அருகில் இருந்த வாய் தம்முடையதுதான் என்று அப்போதுதான் ஆதாரத்தாருக்கு உறைத்தது. விரல் மெல்ல 'அழி' என்ற பொத்தானை நோக்கி ஊர்ந்தது.

மனைவி வெடுக்கென்று கைப்பேசியைப் பிடுங்கி இரண்டு தட்டு தட்டினாள். "இப்ப அழிச்சிக்கோங்க. என் போனுக்கு அனுப்பிக்கிட்டேன்."

"ஏய், வீட்டுக்குள்ள எதுக்கு இதெல்லாம்?"

"இதைத்தானே இத்தனை நாளா நான் கேட்டுக்கிட்டு இருந்தேன்? மேல போய் எங்க அண்ணன்கிட்ட நடந்ததைச் சொல்லுங்க. வாயால சொல்லுங்க. போன் என்கிட்டயே இருக்கட்டும்."

அன்று சாயங்காலம் ஆதாரத்தார் வெறுங்கையோடு மாடியேறினார். கையை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. துளையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் தட்டுத்தடுமாறிச் சொல்லி, "மன்னிச்சிடுங்க மச்சான்" என்று முடித்தார். மச்சான் அவரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். பிறகு, முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்டார்:

"இதைக் கொஞ்சம் மெசேஜா போட்டுடுறீங்களா, மாப்ள?"

நல்லவேளை, நான் அந்த ரகம் இல்லை என்கிறீர்களா? ரொம்பச் சந்தோஷம். ஆனால் போன வருடம் ஒருவரோடு சண்டை போட்டுச் சமாதானமும் ஆகிவிட்டீர்களே, அந்தச் சண்டையின் ஸ்கிரீன்ஷாட் மட்டும் இன்னும் உங்கள் கைப்பேசியில் எதற்காக இருக்கிறது?