பாக்கியத்தின் பெரிய கை

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. சின்ன வயதில் இன்னும் அதிகம். ஒரு முறை அந்தக் குணம் எங்கள் வீட்டு அடுப்பையே அணைத்துவிட்டது.

கித்தா மரத்து ரப்பர்ப் பாலுக்கு விலை இல்லாமல் போன நேரம். தோட்டங்களில் ஆள் குறைத்தார்கள். வேலை போனவர்கள் தாய்நாட்டுக்குத் திரும்பும் ஊர்க் கப்பலைப் பிடிப்பதற்காக, லாயாங் லாயாங் என்ற ஊரின் ஸ்டேஷன் கொட்டகையில் ரயிலுக்குக் காத்துக் கிடந்தார்கள்.

எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாத்தியார். ஒரு நாள் சொன்னார்: “பசின்னா என்னான்னு சிலேட்டுல எழுதுனா தெரியாது. ஞாயித்துக்கிழமை ஆளுக்கு ஒரு பிடி அரிசி கொண்டாங்க. நாமளே கஞ்சி காய்ச்சி அவங்களுக்கு ஊத்துவோம்.”

போனோம். பையன்கள் விறகு பொறுக்கினார்கள். நான் அரிசியில் கல் பொறுக்கினேன். அகப்பை பாக்கியத்திடம் போனது.

பாக்கியம் பக்கத்து லயத்து வரிசை வீட்டுக்காரி. என்னைப் போல் பத்து வயது. ஆனால் கை பெரிய கை. அவள் ஒரு பிடி எடுத்தால் என் பிடி இரண்டு. (தினமும் விரலை இழுத்து இழுத்துப் பார்த்தேன். வளரவே இல்லை சனியன்.) ஊற்றும்போது ஒரு சொட்டு சிந்தமாட்டாள். “நல்லாருப்ப தாயி” என்று எல்லாரும் அவளைத்தான் வாழ்த்தினார்கள். கல் பொறுக்கியவளை எவன் வாழ்த்துவான்?

“ஐயா, எனக்கு எப்ப அகப்பை?” என்று வாத்தியாரைக் கேட்டேன்.

“யாரு அதிகமா அரிசி கொண்டாறாங்களோ அவங்களுக்கு” என்றார். விளையாட்டுக்குச் சொன்னாராம். (இதைப் பின்னால் சொன்னார். முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.)

அடுத்த ஞாயிறு. முதல் நாள்தான் கணக்கு எழுதும் கிராணி தோட்டத்து ஆட்களுக்கு வார அரிசி அளந்து போட்டிருந்தார். அப்பாவும் அம்மாவும் தம்பியோடு ஆற்றுக்குத் துணி துவைக்கப் போயிருந்தார்கள். மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்தேன். நடந்தேன். கழுத்து உள்ளே போய்விட்டது. இன்னும் முழுசாக வெளியே வரவில்லை.

வாத்தியார் மூட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“அப்பா குடுத்து விட்டாரா?”

“ஆமாங்க.”

“எல்லாத்தையுமா?”

“எங்களுக்கு நெறைய இருக்குங்க.”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “பாத்துக்குங்க பிள்ளைங்களா, இதான் மனசு!” என்றார். மொத்தத்தையும் உலையில் கொட்டச் சொன்னார். அகப்பை என் கைக்கு வந்தது. பாக்கியம் கல் பொறுக்கப் போனாள். நானும் சிந்தாமல்தான் ஊற்றினேன். (கொஞ்சம் சிந்தினேன்.)

பாதி வரிசை முடிந்தது. அடுத்துத் தட்டு நீட்டிய கை தெரிந்த கையாக இருந்தது. நிமிர்ந்தேன். அப்பா. பின்னால் அம்மா. அம்மா இடுப்பில் தம்பி. நான் மூட்டையோடு போனதை லயமே பார்த்திருக்கிறது.

அப்பா கத்தவில்லை. “ஊத்தும்மா. வீட்டுல அரிசி இல்ல” என்றார்.

வாத்தியார் ஓடி வந்தார். “என்னண்ணே, நீங்கதான குடுத்து விட்டீங்க?”

“நானா? நான் ஆத்துல கோவணம் தொவச்சிக்கிட்டு இருந்தேன்.”

கொட்டகையே சிரித்தது. கப்பலுக்குக் காத்திருந்த அந்த சனங்கள் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

வாத்தியார் அகப்பையைப் பிடுங்கி பாக்கியத்திடம் கொடுத்தார். என்னை வரிசைக் கடைசியில் நிறுத்தினார். “பாடம் இப்பத்தான் ஆரம்பிக்குது ஒனக்கு” என்றார்.

என் முறை வந்தது. பாக்கியம் கேலி பண்ணுவாள் என்று நினைத்தேன். பண்ணவில்லை. ஓர் அகப்பை ஊற்றினாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொன்று ஊற்றினாள். அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் மரவள்ளிக்கிழங்கு. அப்பா தன் கிழங்கை என் பக்கம் தள்ளி வைப்பார்.

பிற்பாடு தம்பி பாக்கியத்தின் தங்கையைக் கட்டினான். இன்றும் விருந்துக்கு ஆள் வந்தால் அவன் கேட்பது ஒன்றுதான்: “வீட்டுல அரிசி இருக்கா, இல்ல அக்கா தர்மம் பண்ணிருச்சா?”

அவன் அன்று கைக்குழந்தை. ஒன்றும் தெரியாது. எல்லாம் பாக்கியம் சொல்லிக் கொடுத்தது. என்னைவிட அவள் நன்றாகச் சொல்கிறாளாம். எல்லாரும் சொல்கிறார்கள்.