வென்டலின் சட்டையும் இருபத்துநாலு மடங்குக் கண்ணாடியும்

இந்த வருஷமாவது போட்டுக்கொண்டு போகிற சட்டையை முழுசாக வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது என்று வென்டல் சபதம் எடுத்தார்.

விஸ்கான்சின் காட்டோரத்து வேட்டைக்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. நவம்பரில் மான் வேட்டைப் பருவம் தொடங்கும் நாளில் சுட்டுக் குறி தவறியவன், குடிலுக்குத் திரும்பியதும் முதுகைக் காட்டி நிற்க வேண்டும். சட்டையின் பின்தொங்கலைக் கத்தரித்து, பேரெழுதி, சுவரில் ஆணியடித்து மாட்டிவிடுவார்கள். அந்தச் சுவரில் இருக்கும் வென்டலின் துண்டுகளை மட்டும் சேர்த்துத் தைத்தால் ஒரு போர்வை தேறும். ஒவ்வொரு முறையும் கத்தரித்தவன் அவருடைய மச்சினன் டுவேன். கத்தரிக்கும்போது சீட்டியடிப்பான். வெட்டியதைக்கூட வென்டல் மறந்துவிடுவார். அந்தச் சீட்டியை மறக்க மாட்டார்.

குற்றம் தன் கையில் இல்லை, துப்பாக்கி மேல் இருக்கும் பழைய தொலைநோக்கியில்தான் என்று அவர் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தார். ஆகவே புதிது வாங்க மனைவி ஆர்டிஸும் அவரும் டவுனுக்குப் போனார்கள். ஆர்டிஸ் குட்டையாக, கறுப்பாக, பார்வைக்கு ஒன்றுமில்லாத ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். நாலு மடங்கு காட்டுமாம். வென்டலின் கண் பக்கத்துத் தட்டில் இருந்தது. அங்கே கைநீளத்துக்கு ஒன்று, பளபளவென்று. அதே விலை. இருபத்துநாலு மடங்கு.

"நாலு பெருசா, இருபத்துநாலு பெருசா?" என்று கேட்டார்.

"நம்ம காட்டுல மான் எவ்வளவு தூரத்துல நிக்கும்?"

"எவ்வளவு தூரத்துல வேணா நிக்கும்."

"மரத்துக்கு மரம் இடிக்கிற காடு அது. கல்லெறி தூரத்துக்கு அப்புறம் ஒண்ணும் தெரியாது. உனக்கு மானைப் பாக்கணுமா, மான் மேல இருக்கற உண்ணியை எண்ணணுமா?"

கடைக்காரர் இருமினார். சிரிப்பை மறைக்கும் இருமல். அந்த இருமலுக்காகவே வென்டல் பெரியதை வாங்கினார். ஆர்டிஸ் தகராறு செய்யவில்லை. சின்னதைத் தனக்கென்று வாங்கிக்கொண்டாள். அவளுடைய அப்பாவின் துப்பாக்கி சும்மா கிடக்கிறதாம், இந்த வருஷம் அவளும் வருகிறாளாம்.

வீட்டுக்கு வந்ததும், காட்டுக் குளிரைத் தாங்குமா என்று பார்க்க, இரண்டையும் உறைபெட்டியில், பட்டாணிக்கும் போன வருஷத்து மான்கறி சாசேஜுக்கும் நடுவில் வைத்தாள். சாயங்காலம் எடுத்து, அடுப்பில் சூப்பு கொதிக்கும் சமையலறை மேஜையில் வைத்தாள். அவளுடையதைத் துடைத்ததும் தெளிந்துவிட்டது. வென்டலுடையது உள்ளுக்குள்ளேயே வேர்த்தது. துடைக்கத் துடைக்கப் புகைமூட்டம்.

"சூப்பு ஆவி," என்றார் வென்டல்.

"கண்ணாடிக்கு உள்ளே போயி யாரு சூப்பு வெச்சது?"

அதோடு அவள் விடவில்லை. இந்தப் பெரியதில் கண்ணை ஒட்டவைத்தால்தான் ஏதாவது தெரிகிறது, துப்பாக்கி உதைத்தால் புருவம் பிளந்துவிடும் என்றும் சொன்னாள். அப்போதுதான் வென்டல் அதைச் சொன்னார்.

"சூப்பைக் கிளறத் தெரிஞ்சவ சூப்பைக் கிளறினாப் போதும்."

சொன்ன மாத்திரத்தில் வருத்தப்பட்டார். ஆனால் வருத்தத்தை வெளியே சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. ஆர்டிஸ் எழுந்து போய்த் தையல் மெஷினைத் திறந்தாள். அன்றைக்கு அப்புறம் வீட்டில் அந்த மெஷின்தான் பேசியது.

வேட்டை நாள் காலையில் சிவப்புக் கட்டம் போட்ட கம்பளிச் சட்டையைப் போட்டபோது, பின்தொங்கலின் குறுக்கே புதுத் தையல் ஒன்று கையில் தட்டியது. எங்கோ கிழிந்திருக்கும், தைத்திருக்கிறாள். அப்படிப்பட்ட வார்த்தையைக் கேட்டுவிட்டும் உட்கார்ந்து தைத்திருக்கிறாளே என்று வென்டலுக்கு நெஞ்சு இளகியது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார். வாசலில் டுவேன் வண்டியின் ஹாரனை அடித்தான். டுவேன் காதுபட மன்னிப்புக் கேட்பதைவிட மூச்சை நிறுத்திக்கொள்வது அவருக்குச் சுலபம். ஆரஞ்சு மேல்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

காட்டில் ஆர்டிஸ் அடுத்த மேட்டில் உட்கார்ந்தாள். வென்டல் தன் பரணில் ஏறிக் குளிரில் விறைத்துக்கொண்டிருந்தார். விடிந்ததும் வந்தது மான். நல்ல கொம்பு. அவருக்காகவே அனுப்பிவைத்ததுபோல எதிரில் வந்து பக்கவாட்டில் நின்றது. வென்டல் கண்ணாடியில் கண்ணை வைத்தார். பழுப்பு. இடப்பக்கம் நகர்த்தினார். பழுப்பு. வலப்பக்கம் நகர்த்தினார். ஒவ்வொரு மயிரும் துடைப்பக்குச்சி மாதிரி தெரிந்தது. கழுத்தா, வயிறா, பக்கத்து மரத்துப் பட்டையா என்று மட்டும் தெரியவில்லை. உண்ணி ஒன்று நிஜமாகவே தெரிந்தது. பிறகு கண்ணாடிக்குள் சூப்பு ஆவி கிளம்பியது. வென்டல் கண்ணை இன்னும் ஒட்டவைத்துச் சுட்டார்.

புருவத்தில் இடி விழுந்தது. ரத்தத்தைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் எதிரே ஒரு மரக்கிளை முறிந்து தொங்கியது. மான் வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு அடுத்த மேட்டுப் பக்கம் ஓடியது. கொஞ்ச நேரத்தில் அங்கேயிருந்து ஒரு வெடிச்சத்தம். ஒன்றே ஒன்று. கைக்குட்டையைப் புருவத்தில் அழுத்திக்கொண்டு வென்டல் வெகுநேரம் இறங்காமல் உட்கார்ந்திருந்தார். காலையில் அந்த ஹாரனுக்கு முன்னால் வாயைத் திறந்திருக்கலாம். கடையிலேயே வாயை மூடியிருக்கலாம்.

குடிலில் டுவேன் கத்தரிக்கோலோடு தயாராக நின்றான். ஆனால் அங்கே இன்னொரு விதியும் உண்டு. ஒருவன் தவறவிட்ட மானை யார் வீழ்த்துகிறார்களோ, கத்தரிக்கோல் அவர்கள் கைக்குப் போகும். டுவேன் முகம் தொங்க அதை அக்காவிடம் கொடுத்தான். போகட்டும், சீட்டியாவது இல்லை என்று வென்டல் ஆறுதல் அடைந்தார். முதுகைக் காட்டி நின்று, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"ஆர்டிஸ், அன்னிக்கு நான் பேசினது தப்பு."

"எது, ஆவியா?"

"அதுவும். கிளறச் சொன்னதும்."

"சரி. ஆடாம நில்லு."

கத்தரிக்கோல் ஓடியது. கூடவே சீட்டி. டுவேன் அதை யாரிடம் கற்றுக்கொண்டான் என்று இத்தனை வருஷம் கழித்து வென்டலுக்குத் தெரிந்தது.

பின்னால் கைவிட்டுத் தடவிப் பார்த்தார். நூல் பிரியவில்லை. வெட்டிய இடத்துக்கு மயிரிழை மேலே, பிடித்து நிறுத்தினாற்போல, அந்தப் புதுத் தையல்.

"இது கிழிசலுக்குத் தைச்சது இல்லையா?" என்றார்.

"கிழிசலா?" என்றாள் ஆர்டிஸ், துண்டில் அவர் பேரை எழுதிக்கொண்டே. "நீ அந்தப் பெரிய கண்ணாடியைக் கடையிலேருந்து தூக்கிட்டு வந்தியே, வெட்டற எடத்துல நூல் பிரியாம இருக்கட்டும்னு அன்னிக்கே தைச்சுட்டேன்."