நூற்றறுபது இறாத்தல்

நார்த்மீட்,
ஞாயிறு, மாலை ஐந்து மணி
(நாங்கள் வழக்கமாகத் தொலைபேசியில் சண்டை பிடிக்கும் நேரம்)

அன்பும் மதிப்பும் மிக்க மச்சான் மகேந்திரராஜா அவர்களுக்கு,

இங்கு நானும் உங்கள் தங்கை மிருணாளினியும் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறோம், மிருணாளினியின் முழங்கால் நீங்கலாக. கிளேட்டனில் உங்கள் சுகத்தையும் அறிய ஆவல்தான். மூன்று ஞாயிறாக நீங்கள் தொலைபேசியை எடுக்காததால், முப்பது வருடத்துக்குப் பிறகு பேனை பிடித்திருக்கிறேன்.

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். இங்கு எங்கள் பேரனின் முதலாவது பிறந்தநாளில் நீங்கள் பாதியில் எழுந்து போனதால் மீதி உங்களுக்குத் தெரியாது. எல்லாவற்றுக்கும் காரணம் குத்துச்சண்டைக்காரர் ஹாக்லரும் கொலோவ்கினும். இருவரும் மிடில்வெயிட் என்ற நிறை வகுப்பு, இருவருக்கும் எல்லை நூற்றறுபது இறாத்தல், அதாவது எழுபத்திரண்டரைக் கிலோ. ஒருவர் எண்பதுகளின் ராஜா, மற்றவர் நேற்றுவரை அடித்தவர். ஒரே மேடையில் விட்டால் யார் வெல்வார் என்று நாங்கள் எத்தனை ஞாயிறு தொண்டை கிழியக் கத்தியிருப்போம். நான் ஹாக்லர், நீங்கள் கொலோவ்கின். நீங்கள் இப்போதைய சாப்பாடு, இப்போதைய பயிற்சி, வீடியோ என்று சொல்வீர்கள். நான் அந்தக் காலத்துப் பதினைந்து சுற்று என்று சொல்வேன். நிறை ஒன்றாக இருக்கவேண்டும் என்பது மட்டும்தான் எங்களுக்குள் இருந்த சட்டம். காலம் வேறு, கையுறை வேறு, நிறையாவது ஒன்றாக இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டோம்.

அன்றைக்கு எனக்கு ஒரு புதிய பாயிண்ட் கிடைத்திருந்தது. அந்தக் காலத்தில் சண்டையன்று காலையில் நிறை பார்த்தார்கள். இப்போது முதல் நாளே நிறுத்துவிட்டு, தண்ணீரும் சாப்பாடும் ஏற்றிக்கொண்டு அடுத்த நாள் நாலைந்து கிலோ கூடி வருகிறார்கள். ஆகவே உங்கள் ஆளின் நூற்றறுபதும் என் ஆளின் நூற்றறுபதும் ஒன்றல்ல. இதை வாயால் சொல்லியிருந்தால் போதும். எனக்குத்தான் எதையும் செய்து காட்டாவிட்டால் தலை வெடித்துவிடுமே. குளியலறையில் இருந்த நிறை பார்க்கும் மெஷினைத் தூக்கிவந்து ஹோலில் கார்பெட்டின் மேல் வைத்து, சாப்பாட்டுக்கு முன் ஒரு தரம், மிருணாளினியின் ஆட்டிறைச்சிக் கறிக்குப் பின் ஒரு தரம் உங்களை நிறுப்பதாக அறிவித்தேன். ஏன் உங்களை? உங்கள் மனைவி சந்திரகலா அக்கா உயிரோடு இருந்த காலத்தில் நீங்கள் எப்போதும் சரியாக எழுபத்திரண்டரை. கையில் ஒரு மிடில்வெயிட் இருக்க வேறு ஆளை ஏன் தேடவேண்டும் என்று நினைத்தேன்.

நீங்கள் மாட்டேன் என்றீர்கள். நான் விடவில்லை. சப்பாத்தைக் கழற்ற வைத்தேன், காற்சட்டைப் பையிலிருந்த வீட்டுத் திறப்பை எடுக்க வைத்தேன், பெல்டையும் கழற்ற வைத்தேன். அந்த பெல்டில் ஆணியால் குத்திய மூன்று புதுத் துளைகளை என் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றேன் என்பதை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. மெஷின் அறுபத்தொன்று என்றது. நான் வந்திருந்த முப்பது பேருக்கும் கேட்க, “மச்சான் நாலு வகுப்பு இறங்கிப்போட்டார், இனி லைட்வெயிட்தான்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். பிறகு சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, விமானத்துக்கு நேரமாகிறது என்றீர்கள். உங்கள் விமானம் அடுத்த நாள்.

அதற்குப் பிறகு நடந்தது இது. நான் ஒரு டப்பாவில் சோறும் கறியும் அடைத்துக்கொண்டு வீட்டுச் செருப்போடு உங்கள் டாக்சிக்குப் பின்னால் ஓடினேன். மூலை திரும்பும்போது ஒரு செருப்பு போனது. சந்தி விளக்கு சிவப்பில் நின்றது. உங்கள் டாக்சியும் நின்றது. நான் கிட்டப் போகவும் பச்சை விழுந்தது. திரும்பி வந்தால், முன்வீட்டு வெள்ளைக்காரர் கழன்றுபோன என் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு அம்புலன்ஸ் வேண்டுமா என்று கேட்கிறார். வீட்டில் மகன் சுபாங்கன் “அப்பா, தட் வாஸ் நொட் ஃபனி” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டான். உங்கள் தங்கை பாத்திரம் எல்லாம் கழுவி முடித்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

“அண்ணா மெலிஞ்சதை முப்பது பேரும் கண்டவை. வாய் திறந்து சொன்னது நீங்கள் ஒராள்தான். அதையும் பகிடியாச் சொன்னியள்.”

மச்சான், அன்றிலிருந்து நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். இரண்டு காலத்துக் குத்துச்சண்டைக்காரரை ஒப்பிடும் எவரும் அவரவர் நல்ல காலத்தைத்தான் எடுப்பார்கள். ஹாக்லர் என்றால் எண்பத்தைந்தாம் ஆண்டு ஹாக்லர். கடைசிச் சண்டையில் தோற்ற ஹாக்லரை (தோற்கவில்லை, நடுவர்கள் தோற்கடித்தார்கள், அது வேறு கதை) யாரும் இழுத்துவந்து கொலோவ்கினுக்கு முன்னால் நிறுத்துவதில்லை. முன்பின் தெரியாத மனிதருக்கே அந்த மரியாதையைக் கொடுக்கிறோம். உங்களுக்கு நான் கொடுக்கவில்லை. அக்கா இருந்த காலத்து உங்களையும் அக்கா போன பிறகு இருக்கும் உங்களையும் ஒரு மெஷினில் ஏற்றி, சனத்துக்கு முன்னால் புள்ளி போட்டேன். அக்கா போய் இரண்டு வருடமாக நான் எப்போது கேட்டாலும் “இரவிலை பாணும் தேத்தண்ணியும் காணும்” என்பீர்கள். ஒரு பேக்கரிப் பாணும் தேத்தண்ணியும் ஒரு மனிதனுக்குப் போதும் என்பதை நான் ஏதோ தத்துவம் என்று நினைத்திருந்தேன். உங்கள் குசினியில் அடுப்பு எரிகிறதா என்று ஒரு நாளாவது கேட்டிருக்கலாம். கேட்காதது என் பிழை, மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒரு நல்ல செய்தி. அந்த மெஷின் பிழை. கார்பெட்டில் வைத்தால் இந்த மெஷின்கள் கண்டபாட்டுக்குக் காட்டுமாம். அத்தாட்சியும் உண்டு. அதே இடத்தில் நானும் ஏறினேன், என்னை எண்பத்துநாலு என்றது. நான் எண்பத்துநாலாக இருக்கவே முடியாது, தினமும் பூங்காவை இரண்டு தரம் சுற்றுகிறேன். ஆகவே நீங்களும் அறுபத்தொன்று இல்லை. நீங்கள் பழைய மிடில்வெயிட்தான், ஒரு குறையும் இல்லை. இங்கு வந்து எங்களோடு இருங்கள் என்று இனி நாங்கள் கரைச்சல் தரமாட்டோம். உங்கள் வீடு, உங்கள் நிம்மதி. தொலைபேசியை மட்டும் எடுங்கள். ஹாக்லர் விஷயத்தில் நான் ஒரு அங்குலமும் இறங்கமாட்டேன் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

மூத்தவருக்கு ஆசி சொல்ல எனக்கு வயது போதாது. அந்த வேலையை முருகனிடம் விட்டுவிட்டு, பிள்ளைகளின் அன்பையும் மிருணாளினியின் கோபம் கலந்த அன்பையும் சேர்த்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
வாயால் கெட்ட உங்கள் மச்சான்,
இந்திரகுமார்

பி.கு.: இதை வாசித்துவிட்டு உங்கள் தங்கை மெஷினைக் கொண்டுவந்து குசினித் தரையில் வைத்தாள். பிரிக்காத பத்துக் கிலோ அரிசிப் பையைத் தூக்கி அதன்மேல் வைக்கச் சொன்னாள். பத்து காட்டியது. கார்பெட்டில் வைத்தோம். அங்கும் பத்து. மெஷினில் ஒரு பிழையும் இல்லை, மச்சான். நீங்கள் அறுபத்தொன்று, நான் எண்பத்துநாலு. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினேன், ஆளுக்கு எழுபத்திரண்டரை வந்தது. ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டால் நாங்கள் இரண்டு மிடில்வெயிட். கொலோவ்கினே வெல்லட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. சுபாங்கன் தன் அறைக்குப் பக்கத்து அறையில் உங்களுக்குக் கட்டில் போட்டுவிட்டான். வெள்ளிக்கிழமை காரில் வருகிறோம், உங்களைக் கூட்டிக்கொண்டுதான் திரும்புவோம். அந்த அரிசிப் பையை நீங்கள் வந்துதான் பிரிக்கவேண்டும் என்று உங்கள் தங்கை ஒற்றைக்காலில் நிற்கிறாள். அதுவரைக்கும் இங்கு எனக்கும் இரவில் பாணும் தேத்தண்ணியும்தான்.