டெஸ்ஸாவுக்கு ஒரு கதவு

கல்லூரியில் சேருகிறவர் முதலில் தலையணை வாங்க வேண்டும். என்ன படிப்பது என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அலபாமாவில் இது சட்டப் புத்தகத்தில் இல்லை. ஆனால் சட்டப் புத்தகத்தில் இருப்பவற்றைவிடக் கறாராகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

டாலிவர் பல்கலைக்கழகத்தில் டெஸ்ஸா ஹட்சென்ஸுக்கு இடம் கிடைத்த செய்தி வந்ததும் அவள் அம்மா ரோண்டாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவள் கேட்ட முதல் கேள்வி: "திரைச்சீலை என்ன கலர்ல போடலாம்?"

டெஸ்ஸாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஒரு கதவு. மூடினால் மூடிக்கொள்ளும் சாதாரணக் கதவு. அவள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது, சர்ச் கேக் விற்பனைக்கு மேசை போதவில்லை என்று அவள் அறைக் கதவை ரோண்டா கழற்றிக் கொண்டுபோனாள். கதவு அங்கேயே இறைப்பணியில் நிலைத்துவிட்டது. "நமக்குள்ள என்ன ஒளிவு மறைவு, கண்ணு?" என்று ரோண்டா விஷயத்தை முடித்துவிட்டாள். அன்றிலிருந்து டெஸ்ஸா உடை மாற்றுவது, அழுவது, தோழிகளிடம் அம்மாவைப் பற்றிப் பேசுவது எல்லாம் துணி அலமாரிக்குள்தான். வீட்டிலிருந்து நான்கு மணி நேரம் கார் ஓட்ட வேண்டிய கல்லூரியாகப் பார்த்து அவள் தேர்ந்தெடுத்ததற்கு அதன் வரலாற்றுத் துறை காரணம் அல்ல.

ஏப்ரலில் பல்கலைக்கழகத்தைச் சுற்றிப் பார்க்கப் போனார்கள். வழிகாட்டிப் பையன் வழக்கப்படி கூட்டத்துக்கு முகம் காட்டிப் பின்பக்கமாகவே நடந்து, சிரித்தபடி, ஒரு தூணில் மோதி, சிரிப்பு குறையாமல் விடுதியின் மாதிரி அறைக்கு அழைத்துப் போனான். விசாலமான அறை. பெரிய ஜன்னல். வாசலில் சிவப்புக் கயிறு. ரோண்டா கயிற்றைத் தாண்டி உள்ளே போய் அளவு டேப்பை நீட்டினாள்.

"டெஸ்ஸா, அந்த முனையைப் பிடி."

டெஸ்ஸா பிடித்தாள். அளவு எடுத்தாயிற்று. இனி விதியை யாராலும் மாற்ற முடியாது.

அறையைப் பகிர்ந்துகொள்ளப் போகிறவள் ஜார்ஜியாவைச் சேர்ந்த பிரின்லி. இரண்டு பெண்களும் தங்கள் எதிர்காலக் கூட்டுவாழ்வை மூன்று குறுஞ்செய்திகளில் முடித்துக்கொண்டார்கள்: "குறட்டை விடுவியா?" "மாட்டேன். நீ?" "மாட்டேன்."

அம்மாக்களுக்கு மே மாதம் முழுவதும் தேவைப்பட்டது.

"ஷானா, உங்க மனசு தங்கம்," என்றாள் ரோண்டா போனில். "அந்தப் பச்சை மட்டும்தான் கொஞ்சம் ஆஸ்பத்திரி மாதிரி தெரியுது."

"நீங்க இப்படிப் பட்டுன்னு சொல்றதுதான் ரோண்டா எனக்குப் பிடிச்சதே," என்றாள் பிரின்லியின் அம்மா, தேன் ஒழுக. "உங்க நீலத்தைக்கூட எங்கயோ பார்த்திருக்கேனேன்னு யோசிச்சேன். பெட்ரோல் பங்க் பாத்ரூம்."

இருதரப்புப் பேச்சுவார்த்தைக்குப் பின் 'மழைக்கு முந்தைய புறா' என்ற நிறத்தில் உடன்பாடு எட்டப்பட்டது. டெஸ்ஸாவின் கண்ணுக்கு அது சாம்பல்.

கடையில் அவர்களை வரவேற்றவன் விற்பனையாளன் அல்ல. அவன் சட்டையில் 'உறைவிடக் கனவு ஆலோசகர்' என்று எழுதியிருந்தது.

"தங்கச்சியோட ரூம் என்ன கதை சொல்லணும்?" என்று கேட்டான்.

"கதையெல்லாம் வேணாங்க. தூங்கினா போதும்."

"ஓ, எளிமை. எளிமை மூணாவது மாடியில இருக்கு. விலைதான் கொஞ்சம் கூட."

"கதவு இருக்கா?"

அவன் நிஜமாகவே யோசித்தான். "கதவு இல்லை. கதவுல மாட்டுற பூ வளையம் நாலு தினுசு இருக்கு."

ரோண்டா தலையணைகளை வண்டியில் அடுக்கினாள். ஒன்றில் டெஸ்ஸா என்று பெரிதாகப் பூவேலை செய்யத் தந்தாள். காலையில் எழுந்ததும் தான் யார் என்ற குழப்பம் வந்துவிடக் கூடாதல்லவா?

"அம்மா, இதுல எதுல தலை வைக்கணும்?"

"எதுலயும் வைக்கக் கூடாது. இதெல்லாம் பார்க்கறதுக்கு. தலைக்குத் தனியா ஒண்ணு இருக்கு, அதைக் கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வைக்கணும்."

அடுத்து கட்டிலின் தலைமாட்டுக்கு வெல்வெட் பலகை, கட்டிலின் அடியை மறைக்க ஒரு பாவாடை, காலணிக்குப் பெட்டி, பெட்டிக்கு உறை, கட்டிலின் கால்மாட்டில் போட ஒரு நீள பெஞ்சு. எல்லாமே அளவெடுத்துச் செய்தவை. எல்லாமே புறா.

ஆகஸ்டில் குடியேறும் நாள் வந்தது. பிரிம் விடுதி வாசலில் ஒரு சிற்றூரே வீடு மாறுவதுபோல வண்டிகள். டெஸ்ஸாவின் அப்பா டெரல் சாமான்களை மாடிக்குச் சுமந்தார். வெயிலில் அவரும் ஏறக்குறைய புறா நிறத்துக்கு வந்திருந்தார்.

அறைக்குள் நுழைந்ததும் டெஸ்ஸா வாசலைத் திரும்பிப் பார்த்தாள். கதவு இருந்தது. கனமான பழுப்பு மரக் கதவு, உள்தாழ்ப்பாளுடன். அவள் அதை மெல்ல மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள். க்ளிக் என்று ஒரு சத்தம். பதினெட்டு ஆண்டுகளில் அவள் கேட்ட மிக இனிய சத்தம் அதுதான்.

பிறகு இரு குடும்பத்துச் சாமான்களும் உள்ளே வந்தன. மாதிரி அறையில் பாதிதான் இருந்தது இந்த அறை. இரண்டு வெல்வெட் பலகைகளுக்கும் இடம் இருந்தது, இரண்டு பெஞ்சுகளுக்கும் இடம் இருந்தது. டெஸ்ஸாவுக்கும் பிரின்லிக்கும் இல்லை. இரண்டாவது பெஞ்சு ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்ததால் கதவும் மூடவில்லை.

"பெஞ்சை எடுத்துடலாம்," என்றாள் டெஸ்ஸா.

"பெஞ்சை எடுத்தா ரூம் மூக்கு இல்லாத முகம் மாதிரி ஆயிடும்," என்றாள் ரோண்டா. "டெரல், டிரில் எங்க? கதவைக் கழட்டிடுங்க."

டெரல் இரண்டு திருகாணிகளைக் கழற்றியிருந்தபோது வந்து சேர்ந்தார் திரு. பிக்கெட், விடுதி வாழ்வனுபவத் துறையின் துணை இயக்குநர். இடுப்பில் சாவிக்கொத்து, முகத்தில் துறை சார்ந்த கனிவு.

"சார், கையை எடுங்க. கதவு ஒரு உயிர் காக்கும் சாதனம். மூடியே ஆகணும். தீ விபத்துத் தடுப்பு விதி."

டெஸ்ஸாவுக்கு அவரைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. வாழ்க்கையில் முதன்முறையாக அரசாங்கம் அவள் பக்கம் நின்றது.

"மூடாதுங்க," என்றாள் ரோண்டா. "பெஞ்சு இருக்கு."

"அப்ப பெஞ்சை..."

"பெஞ்சைக் கடையில திருப்பி எடுத்துக்க மாட்டாங்க. உங்க மாதிரி ரூமை அளந்துதான் செஞ்சோம்."

"மேடம், மாதிரி ரூம் ரூம் கிடையாது. அது ஒரு பிரதிநிதித்துவம்." பிக்கெட் கண்ணை மூடி விதிகளை மனதுக்குள் புரட்டினார். "சரி. கதவு மூடாத இடம் விதிப்படி அறை ஆகாது. அறை இல்லாத இடத்துல மாணவரைத் தங்க வைக்க முடியாது. அதனால இவங்களுக்கு வேற இடம் கொடுத்தாகணும். இந்தச் சாமான் கொள்ளுற இடம் இந்த வளாகத்துல ஒண்ணுதான் இருக்கு."

"மாதிரி ரூமா?" என்றாள் டெஸ்ஸா. "அது ரூமே இல்லைன்னு இப்பதானே சொன்னீங்க."

"கரெக்ட்டும்மா. ரூம் இல்லாததால அதுக்குத் தீ விதி பொருந்தாது. தீ விதி பொருந்தாததால அதுக்குக் கதவும் கிடையாது. கதவு கிடையாததால மூடலைங்கற பிரச்சினையும் கிடையாது."

ரோண்டா கைதட்டினாள்.

"எவ்வளவு நாளைக்கு?" என்று கேட்டாள் டெஸ்ஸா.

"இதே மாதிரி வேற எந்தக் குடும்பமாவது சாமான் கொள்ளாம வந்து நிக்கிற வரைக்கும். ஒரு நேரத்துல ஒரு குடும்பத்துக்குத்தான் இடம். அவங்க உள்ள வந்தா நீங்க சாதாரண ரூமுக்குப் போகலாம்."

"கதவோட?"

"கதவோட."

அப்படியாக டெஸ்ஸா சிவப்புக் கயிற்றுக்குப் பின்னால் படிப்பைத் தொடங்கினாள். மணிக்கொரு பார்வையாளர் கூட்டம் வந்தது. பிரின்லி இரண்டே நாளில் கையசைக்கப் பழகிக்கொண்டாள். துணி அலமாரிக்குள் ஒதுங்கலாம் என்று டெஸ்ஸா திறந்து பார்த்தாள். அது சுவரில் ஒட்டிய வெறும் முகப்பு. ஒருநாள் மதியம் அவள் தூங்கியதற்குப் பிக்கெட்டிடமிருந்து எழுத்துமூலமான வருத்தம் வந்தது: மேற்படி உறக்கத்தின்போது வாய் திறந்திருந்தது, தலையணைகளின் வரிசை குலைந்திருந்தது, எதிர்காலத்தில் உறக்கம் பார்வைக்கு உகந்த தரத்தில் அமையுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.

அக்டோபரில் பெற்றோர் வந்து பார்க்கும் வார இறுதி. மாதிரி அறைக்குள் கூட்டத்தோடுதான் வர முடியும் என்பது விதி. எனவே ரோண்டா தன் பெண்ணைப் பார்க்கப் பின்பக்கமாக நடக்கும் பையனைப் பின்தொடர்ந்து வந்து, கயிற்றருகே நின்று பூரித்தாள்.

"எல்லாம் நான் பார்த்துப் பார்த்து வாங்கினது," என்றாள் பக்கத்தில் நின்ற அம்மாவிடம்.

அந்த அம்மா டென்னிசியிலிருந்து வந்திருந்தாள். பின்னால் அவள் பெண், பள்ளிக் கடைசி வருஷம், அறையில் எதையும் பார்க்காமல் கதவில்லாத வாசல் நிலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கட்டில் மேல ஒரு பொண்ணு இருக்கே," என்று அந்த அம்மா வழிகாட்டியைக் கேட்டாள். "அதுவும் ரூமோட சேர்த்து வருமா?"

"இல்லைங்க மேடம். கட்டில், மேஜை நாங்க கொடுத்துடுவோம். பொண்ணு மட்டும் நீங்க வீட்லேர்ந்து கொண்டு வரணும்."

அவள் திரும்பித் தன் பெண்ணை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தாள். திரைச்சீலையைப் பார்த்தாள். மறுபடி பெண்ணைப் பார்த்தாள். "முடி கலரை மாத்தினா ஒத்துப்போகும்," என்று சொல்லிக்கொண்டே கயிற்றைத் தாண்டி வந்து டேப்பை நீட்டினாள்.

"கொஞ்சம் அந்த முனையைப் பிடி, கண்ணு," என்றாள் கட்டில் மேலிருந்த டெஸ்ஸாவிடம்.

டெஸ்ஸா அந்தப் பெண்ணைப் பார்த்தாள். அவளிடம் சொல்ல ஒரே ஒரு வாக்கியம் போதும்: நிஜ அறை இதில் பாதிதான். அந்த வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. அப்போது எங்கோ மாடியில் யாரோ ஒருவரின் கதவு க்ளிக் என்று மூடிக்கொண்டது.

டெஸ்ஸா எழுந்தாள். டேப்பின் முனையை வாங்கி, சுவரோடு நிறுத்தாமல் ஜன்னல் குழிவின் வெளி விளிம்புவரை இழுத்துப் பிடித்தாள்.

"பெஞ்சு பெருசாவே செய்யுங்க மேடம்," என்றாள், பிக்கெட்டின் அதே கனிவோடு. "தாராளமா கொள்ளும்."