உறவினருக்கு உச்சவரம்பு இல்லை

அந்த வருஷம் சம்பா அறுவடை தொடங்கிய மூன்றாம் நாள், மேலக்கட்டளையில் நாலு பேருக்கு மேல் ஓரிடத்தில் கூடக்கூடாது என்று தாசில்தார் பஞ்சநதம் உத்தரவு போட்டார். கூலியை அரைப்படி கூட்டிக் கேட்டு ஆட்கள் அரிவாளைக் கூரையில் செருகிவிட்டார்கள். கொடுக்க முடியாது என்று மிராசுதார்கள் வெளியூர் ஆட்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள். நடுவில் அமைதியைக் காப்பாற்றும் பொறுப்பு அரசாங்கத்தின் தலையில் விழுந்தது. அமைதி நாலு பேர் வரைக்கும் தாங்கும், ஐந்தாவது ஆள் வந்து நின்றால் உடைந்துவிடும் என்பது தாலுகா ஆபீஸின் கணிப்பு.

ஊர் கட்டுப்பட்டு நடந்தது. சிவன் கோயிலில் நவக்கிரகங்கள் மட்டும் ஒன்பது பேராக ஒரே மேடையில் நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றதால் அவர்களைப் போலீஸ் ஒன்றும் கேட்கவில்லை.

கஷ்டம் வந்தது காவேரி இன்னிசைக் குழுவுக்குத்தான். அதில் ஏழு பேர். சம்பளம் கிடையாது, சன்மானம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் கூடி வாசிப்பார்கள், அவ்வளவுதான். மிராசுதார் கோவிந்தராசுவின் மனைவி பிரகதாம்பாள் ஆர்மோனியம். தபால் ஆபீஸ் நாகநாதன் பிடில். கூத்தாநல்லூரிலிருந்து சைக்கிளில் வரும் ஜவுளிக்கடை நெய்னா முகம்மது புல்புல்தாரா. பிரகதாம்பாள் வீட்டு வயலிலேயே கூலி வேலை செய்யும் வீரையன் டோலக். புல்லாங்குழல், கஞ்சிரா, ஜால்ராவுக்கு இன்னும் மூன்று பேர். வாரம் முழுக்க வரப்புக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக நிற்கிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் ஒரே தாளத்தில் இருந்தார்கள். பிரகதாம்பாளுக்கு அது சாமி கும்பிடுகிற மாதிரி.

உத்தரவு வந்ததும் அவர்கள் நாலு பேர் பள்ளிக்கூடத்திலும் மூன்று பேர் வாய்க்காலுக்கு அக்கரையிலுமாக நின்று வாசித்துப் பார்த்தார்கள். பல்லவி இக்கரையில் முடிந்து, காற்றில் கரைந்து, அக்கரைக்குப் போய்ச் சேருவதற்குள் டோலக் சரணத்துக்குப் போய்விட்டது. கும்பகோணத்திலிருந்து வந்திருந்த காலேஜ் வாத்தியார் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, மேல்நாட்டில் இப்போது இதுதான் புது பாணி என்று பாராட்டிவிட்டுப் போனார். பிரகதாம்பாள் ஆர்மோனியத்தை மூடிவிட்டாள்.

மூடிவிட்டுச் சும்மா இருக்க முடியாது. தை இருபத்தெட்டில் வீரையன் மகள் ராசம்மாளுக்குக் கல்யாணம். பிரகதாம்பாளின் மூன்று பிள்ளைகள் கல்யாணத்துக்கும் வீரையன் ஒரு வெற்றிலை பாக்கோடு வாசித்துவிட்டுப் போனவன். அவன் வீட்டில் நடக்கிற முதல் கல்யாணம் இது. தாலி கட்டும்போது ஏழு பேரும் சேர்ந்து மோகனம் வாசிப்போம் என்று அவள்தான் வாக்குக் கொடுத்தவள். அதுவும் அம்பாள் சன்னதியில், கையில் குங்குமத்தோடு.

நாகநாதனையும் வீரையனையும் அழைத்துக்கொண்டு தாலுகா ஆபீஸுக்குப் போனாள். மூன்று பேர், சட்டத்துக்கு ஒருவர் மிச்சம்.

பஞ்சநதம் தங்கமான மனுஷர். ஆட்சி மாறிய பிறகு மேடைத் தமிழ் கற்றுக்கொண்டு, ஆபீஸ் பேச்சையும் அதிலேயே பேசிப் பழகிக்கொண்டிருந்தார். காபி வேண்டுமென்றால்கூட அடுக்குமொழியில் கேட்பார், வருவதற்குள் ஆறிவிடும்.

கல்யாணத்துக்கு உத்தரவில் விலக்கு உண்டு என்றார் அவர். மேளத்துக்கும் உண்டு. இரண்டு நாயனம், இரண்டு தவில், ஆக நாலு பேர். அப்படியானால் ஒத்து ஊதுகிறவர் என்று நாகநாதன் இழுத்தார். அவர் ஐந்தாவது ஆள், தெருவில் நின்று ஊதுவார் என்று பஞ்சநதம் தீர்த்துவைத்தார். ஏழு பேர் என்பது குழுவே அல்ல, சட்டப்படி கும்பல்.

"கல்யாணத்துக்கு ஐந்நூறு பேர் வரலாமுங்களா?" என்று கேட்டாள் பிரகதாம்பாள்.

"ஐயாயிரம் பேரும் வரலாம் அம்மையீர், உறவினராக இருந்தால். உறவினருக்கு உச்சவரம்பு இல்லை."

"உறவுக்காரங்க கையில பெட்டி கொண்டு வந்தா?"

"பெட்டியைப் பற்றி உத்தரவில் பேச்சில்லை."

"அப்ப நாங்க உறவாவே வந்துடறோம். வீரையன் எனக்கு அண்ணன் மாதிரிங்க."

பஞ்சநதம் பேனாவை எடுத்தார். "மாதிரி என்பதற்குப் படிவத்தில் இடமில்லை. அண்ணனா, இல்லையா?"

வீரையன் தலையைக் குனிந்துகொண்டான். ஏழு வருஷமாக ஒரே ஜமக்காளத்தில் உட்கார்ந்து வாசித்தவள்தான். இருந்தாலும் அந்த ஒரு சொல்லுக்கு அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கியது.

"அண்ணன்தாங்க" என்றாள்.

உறவுச் சான்றிதழுக்கு விண்ணப்பம் கொடுத்தார்கள். நாகநாதன் யோசித்து யோசித்துப் பெண்ணுக்குப் பெரியப்பா என்று எழுதினார். நெய்னா முகம்மது யோசிக்கவே இல்லை, மாமா என்று எழுதினார். அது எப்படி என்று குமாஸ்தா வைரக்கண்ணு கேட்டதற்கு, இருபது வருஷமாக இந்த ஊரே என்னை அப்படித்தானே கூப்பிடுகிறது, கடன் சொல்லித் துணி எடுக்கும்போது உறவு, கல்யாணத்துக்கு மட்டும் இல்லையா என்று திருப்பிக் கேட்டார்.

வீட்டில் கோவிந்தராசுக்கு இது தெரிந்தபோது அவர் கோபப்பட்ட விதம் பிரகதாம்பாளுக்கு விளங்கவில்லை. போய் வாசிப்பதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"வாயால அண்ணன்னு கூப்பிடு, அப்பான்னு கூப்பிடு, எனக்கென்ன. கடுதாசில ஏன் எழுதினே? கடுதாசின்னா அது ஆபீசுக்குப் போகும். ஆபீஸ்ல வேற கடுதாசி இருக்கும். ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்துக்கும்."

அவர் சொன்னபடியே பார்த்துக்கொண்டன. விசாரணை நாளன்று ஏழு பேரும் நாலும் மூன்றுமாக ஆபீஸுக்குப் போனார்கள். உறவுக்கு ஆதாரம் எங்கே என்று கேட்டார் பஞ்சநதம். ஆதாரம் ஏது? விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது என்று அவர் சொல்ல வாயெடுத்தபோது, வைரக்கண்ணு ஒரு பழைய கட்டைத் தூசி தட்டிக் கொண்டுவந்து வைத்தார். நில உச்சவரம்புக் கட்டு. அரசாங்கம் பதினைந்து ஏக்கருக்கு மேல் வைத்துக்கொள்ளக்கூடாது என்று குறைத்த வருஷம் மிராசுதார்கள் கொடுத்த காகிதங்கள் அதில் இருந்தன.

பஞ்சநதம் உரக்கப் படித்தார். மேலக்கட்டளை பிரகதாம்பாள், தனக்குப் பிறந்தகத்தார் கொடுத்த மஞ்சக்காணியில் வாய்க்கால் மேட்டு நஞ்சை இரண்டு ஏக்கரை, மேற்படியூர் வீரையனுக்கு, உடன்பிறப்பைப் போன்ற பிரியத்தினால், தானமாக எழுதிக்கொடுத்திருக்கிறார். இப்படிக்குக் கையொப்பம்.

கையொப்பம் அவளுடையதுதான். ஒரு வெள்ளிக்கிழமை விளக்கேற்றிக்கொண்டிருந்தபோது கோவிந்தராசு நீட்டிய காகிதங்கள் நினைவுக்கு வந்தன. இங்கே போடு, இங்கே போடு என்றார். திரியைத் தூண்டிக்கொண்டே போட்டாள்.

"உடன்பிறப்பு என்று ஆவணமே பேசுகிறது. இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?" என்று பஞ்சநதம் மகிழ்ந்தார்.

வீரையன் மெதுவாகக் கேட்டான். "எந்த வயலுங்க?"

"வாய்க்கால் மேடு."

"அதுல அறுக்கத்தானுங்களே அரைப்படி கூடக் கேட்டு வேலைநிறுத்தம் பண்றேன்."

மற்ற குமாஸ்தாக்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். பஞ்சநதத்துக்கு மட்டும் குழப்பம் இல்லை. ஒரு தாளை எடுத்து இரண்டு பத்தியாகக் கோடு போட்டார். ஒரு பக்கம் நிலச்சுவான்தார் வீரையன், இன்னொரு பக்கம் தொழிலாளர் வீரையன். இரு தரப்பையும் புதன்கிழமை காலை முத்தரப்புப் பேச்சுக்கு வரச்சொல்லி அழைப்பு எழுதினார். இரு தரப்பும் ஒரே பஸ்ஸில் வரவேண்டாம், வழியில் தகராறு வரலாம் என்று அக்கறையோடு சேர்த்துச் சொன்னார்.

பிறகு பிரகதாம்பாளைப் பார்த்தார். இந்தத் தானம் உண்மைதானா, வெறும் கண்துடைப்பா என்று கேட்கவேண்டியது அவர் கடமை. கண்துடைப்பென்றால் நிலம் அரசாங்கத்துக்கு, உறவு ரத்து, ஐந்தாவது ஆள் முதல் ஏழாவது ஆள் வரை தெருவில். உண்மையென்றால் நிலம் வீரையனுக்கு.

நாகநாதன் கூரையைப் பார்த்தார். நெய்னா முகம்மது தொண்டையைச் செருமினார். பிரகதாம்பாள் மனசுக்குள் அம்பாளைக் கேட்டாள். அம்பாள் எப்போதும்போல் ஒன்றும் சொல்லவில்லை. குங்குமம் வைத்திருந்த கைதான் ஞாபகம் வந்தது.

"கையெழுத்துப் போட்டவ நான்தாங்க. அண்ணனுக்குக் கொடுத்தது கொடுத்ததுதான்" என்றாள்.

ஓர் உறவு ஆவணத்தில் நின்றுவிட்டதால், அதன் வழியாகவே ஏழு பேருக்கும் சான்றிதழ் கிடைத்தது. விஷயம் ஊருக்குத் தெரிய ஒரு பொழுது ஆயிற்று. மறுநாள் காலையில் தாலுகா ஆபீஸ் வாசலில் நானூறு பேர். தனக்கு எந்த மிராசுதார் உறவு, எந்த வயல் எந்தப் பிரியத்தில் வந்திருக்கிறது என்று கட்டைப் பார்த்துச் சொல்லச் சொன்னார்கள். வண்டிக்காரர் ஒருவர் மூன்று வருஷமாக மூன்று ஏக்கருக்குச் சொந்தக்காரராக இருந்திருக்கிறார். சாணி அள்ளும் ராமாயி ஒருவருக்கு அத்தையாகவும் இன்னொருவருக்கு மருமகளாகவும் இருந்தாள். சப்-இன்ஸ்பெக்டர் வந்து கலைந்து போகச் சொன்னார். நாங்கள் உறவுக்காரர்கள் என்றார்கள் அவர்கள். உத்தரவைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

மிராசுதார்கள் ஆறு பேர் முறையிட வந்தார்கள். எல்லாரும் ஒரே பாட்டன் வழி. ஆனால் ஆளுக்குப் பதினைந்து ஏக்கர் நிற்கவேண்டுமென்று, எங்களுக்குள் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று எழுதிக்கொடுத்தவர்கள். அதனால் இரண்டு பேரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டார் பஞ்சநதம்.

கல்யாண நாளும் வந்தது. பந்தல் வாசலில் வைரக்கண்ணு மேஜை போட்டு, உறவினர் பட்டியலோடு உட்கார்ந்திருந்தார். ஏழு பேரும் சான்றிதழைக் காட்டி உள்ளே போய் ஜமக்காளத்தில் உட்கார்ந்தார்கள். பிரகதாம்பாளைக் கண்டதும் வீரையன் மனைவி காத்தாயி "வாங்க நாத்தனாரே" என்றாள். கூப்பிட்டுவிட்டு, தானே வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் கோவிந்தராசு பட்டு வேட்டியில் வந்து சேர்ந்தார். வயல் போனது போயிற்று, வீரையனின் தங்கை புருஷன் என்ற முறைக்கு முன்வரிசை நாற்காலியாவது மிஞ்சட்டும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு வந்திருந்தார். பட்டியலில் தங்கள் பெயர் இல்லையே என்றார் வைரக்கண்ணு.

"யோவ், பிரகதாம்பாள் புருஷன்யா நான்."

வைரக்கண்ணு பையிலிருந்து அந்தக் கட்டை எடுத்து எச்சில் தொட்டுப் புரட்டினார். "மேற்படி பிரகதாம்பாள் மனம் ஒவ்வாமல் மூன்றாண்டுகளாகத் தனித்து வாழ்கிறார். எனக்கும் அவருக்கும் எவ்வித உறவும் இல்லை. இது தாங்கள் எழுதிக் கொடுத்ததுங்க. கீழே ரெண்டு பேர் கையெழுத்தும் இருக்கு."

பிரகதாம்பாள் ஆர்மோனியத்தை விட்டு எழுந்து வாசலுக்கு வந்தாள். அன்று காலையில்தான் அவருக்கு இட்லி வைத்து, மிளகாய்ப்பொடிக்கு எண்ணெய் போதுமா என்று கேட்டிருந்தாள். கடுதாசிப்படி தனித்து வாழ்கிறவளுக்கு அது கொஞ்சம் அதிகம்தான்.

"அது பொய்க் கடுதாசின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு உள்ள வாங்க" என்றாள்.

அவர் கட்டைப் பார்த்தார். ஒரே குடும்பமென்றால் அவர் பேரிலும் அவள் பேரிலும் இருக்கிற இரண்டு பதினைந்தும் சேர்ந்து முப்பது. அதில் பாதி போய்விடும். மனைவியைப் பார்த்தார். பந்தலுக்குள் காலியாக இருந்த முன்வரிசை நாற்காலியைப் பார்த்தார். மறுபடி கட்டைப் பார்த்தார்.

"நீ போய் வாசி. நான் இங்கயே நிக்கிறேன், காத்து நல்லா வருது" என்றார்.

அவருக்குப் பக்கத்தில் வேறு மூன்று மிராசுதார்கள் ஏற்கெனவே காற்று வாங்கிக்கொண்டிருந்தார்கள். நாலு பேர் ஆகிவிட்டதால், அடுத்து வந்தவரைச் சப்-இன்ஸ்பெக்டர் எதிர்ச்சாரிக்கு அனுப்பினார்.

பிரகதாம்பாள் திரும்பி வந்து உட்கார்ந்தாள். ஏழு பேரும் சேர்ந்து மோகனம் எடுத்தார்கள். அத்தனை நாள் வாய்க்காலுக்கு இரண்டு கரையிலும் கிடந்த ராகம், ஒன்றாக வந்து பந்தலில் இறங்கியது. காத்தாயி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தாலிக்கு முன்னால் பதிவேட்டில் பெண்ணும் மாப்பிள்ளையும் கையெழுத்துப் போடுவது அப்போது புது நாகரிகம். பஞ்சநதமே பதிவேட்டோடு வந்திருந்தார். வாழ்த்துரையை முடித்துக்கொண்டு, ஏற்பளிப்பு உறுதிமொழிகள் என்று தாமே தமிழில் எழுதிய ஆறு பக்கத்தைப் பெண் முன்னால் விரித்து, இங்கே போடு அம்மா என்று விரலால் தொட்டுக் காட்டினார்.

ராசம்மாள் பேனாவை வாங்கினாள்.

"கண்ணு" என்றாள் பிரகதாம்பாள், ஆர்மோனியத்திலிருந்து கையை எடுக்காமல். "படிச்சுப் பாத்துட்டுப் போடு."

ராசம்மாள் ஐந்தாவது வரை படித்தவள். அத்தை சொல்லைத் தட்டாமல், எழுத்துக் கூட்டி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். இதற்கு என்ன அர்த்தம் என்று தகப்பனைக் கேட்டாள். வீரையன் நாகநாதனைக் கேட்டான், நாகநாதன் தாசில்தாரைக் கேட்டார். தாசில்தார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தாம் எழுதியதைத் தாமே முதல் தடவையாகப் படித்துப் பார்த்தார்.

முகூர்த்தம் நழுவிக்கொண்டிருந்தது. ஆனாலும் பெண்ணைச் சீக்கிரம் போடு என்று சொல்ல அந்தப் பந்தலில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. உள்ளே இருந்தவர்களும் வெளியே நின்றவர்களும் ஏதோ ஒரு நாள் எதிலோ ஒன்றில் படிக்காமல் போட்டவர்கள்தான். ஏழு பேரும் மோகனத்தை மூன்றாம் தடவையாக முதலிலிருந்து எடுத்தார்கள். பெண் இரண்டாம் பக்கத்தைப் புரட்டினாள்.